‘ஒன்லி’ எந்தச் சொல்லைத் தொடுகிறது?

ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ என்பது ‘ஒன்’ என்ற எண்ணிலிருந்து பிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்லிக்’; ‘ஒன்றே போன்றது’ என்று பொருள். அப்போது எண்ணுப்பெயரும் ‘ஆன்’தான். பிற்காலத்தில் எண்ணுப்பெயர் மட்டும் முன்னால் ஒரு வகர ஒலியை ஏற்று ‘வன்’ என்று மாறியது. அதே வேரில் பிறந்த ‘ஒன்லி’, ‘அலோன்’ இரண்டும் அந்த மாற்றத்துக்கு உட்படவில்லை. எழுத்தில் ஒட்டியிருக்கும் உறவு காதில் கேட்காமல் போனது இதனால்தான்.

இதன் முதற்பொருள் பிரித்துக் காட்டுவது, தமிழில் ‘மட்டும்’. வங்கிக் காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி முடித்ததும் ‘ஒன்லி’ என்று போடுகிறோம். ‘ஃபைவ் தவுசண்ட்’ என்று எழுதி அப்படியே விட்டால், பிறர் அதன் பின்னால் ‘நைன் ஹண்ட்ரட்’ சேர்த்து ஐயாயிரத்தை ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ஆக்கிவிட முடியும். ‘ஒன்லி’ அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. தமிழில் ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’ என்று முடிப்பதும் இதே காவலுக்காகத்தான்.

இந்தச் சொல்லின் உண்மையான சிக்கல் அது நிற்கும் இடம். ‘ரவி மீனாவுக்கு நூறு ரூபாய் கொடுத்தான்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ரவி மட்டும் கொடுத்தானா, மீனாவுக்கு மட்டும் கொடுத்தானா, நூறு ரூபாய் மட்டும் கொடுத்தானா? தமிழில் ‘மட்டும்’ உரிய சொல்லின் பின்னால் ஒட்டி நிற்பதால் குழப்பமே இல்லை. ஆங்கிலப் பேச்சிலோ ‘ஒன்லி’ பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது: ‘ரவி ஒன்லி கேவ் மீனா எ ஹண்ட்ரட் ருபீஸ்’. மீனாவை அழுத்திச் சொன்னால் ஒரு பொருள், நூறை அழுத்திச் சொன்னால் வேறு பொருள். எழுத்தில் அந்த அழுத்தம் இல்லை. ஆகவே, பொருளுக்குரிய சொல்லை ஒட்டியே ‘ஒன்லி’ வர வேண்டும் என்று இலக்கணக்காரர்கள் நெடுங்காலம் வற்புறுத்தினார்கள். 1926-இல் வெளிவந்த ‘மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்’ நூலில் ஹென்றி ஃபௌலர் இந்தக் கண்டிப்பை எதிர்த்தார். பொருள் மயங்காத இடத்தில் இயல்பான இடமே போதும் என்பது அவர் கட்சி. அன்றாட எழுத்துக்கு அது சரி. ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் மருந்துச் சீட்டிலும் ‘ஒன்லி’யை உரிய சொல்லின் பக்கத்திலேயே வைப்பதுதான் பாதுகாப்பு.

காலத்தோடு சேரும்போது இந்தச் சொல் இரண்டு பக்கமும் சாயும். ‘இட்ஸ் ஒன்லி ஃபைவ்’ என்றால் மணி ஐந்துதான் ஆகிறது, இன்னும் நேரம் இருக்கிறது. ‘ஹி கேம் ஒன்லி அட் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்குத்தான் வந்தான், தாமதம். நம்முடைய ‘தான்’ இரண்டு இடத்திலும் பொருந்திவருவதைக் கவனிக்கலாம்.

‘ஒன்லி இஃப்’ என்பது நிபந்தனை: படித்தால்தான் தேறலாம். வரிசை மாறி ‘இஃப் ஒன்லி’ ஆனால் ஏக்கம்: நீ மட்டும் அன்றைக்கு வந்திருந்தால்! ‘ஒன்லி டு ஃபைண்ட்’ என்ற தொடர்தான் மாணவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. ஸ்டேஷனுக்கு ஓடினான், ‘ஒன்லி டு ஃபைண்ட்’ ரயில் போய்விட்டது என்று வந்தால், ‘கண்டுபிடிப்பதற்காக மட்டும் ஓடினான்’ என்று பொருள் கொள்கிறார்கள். இங்கே நோக்கம் எதுவும் இல்லை, ஏமாற்றம்தான் இருக்கிறது. ‘ஓடிப்போய்ப் பார்த்தால் ரயில் போய்விட்டிருந்தது’ என்பதே நேரான தமிழ். ‘ஒன்லி டூ ஹேப்பி’ என்பதில் ‘மட்டும்’ அறவே கிடையாது. மிக்க மகிழ்ச்சி என்பதே பொருள்.

‘ஐ லிவ் இன் மதுரை ஒன்லி’ என்பது நம் ஊர் வழக்கு. அதைச் சொல்பவர் ‘மதுரையிலேதான் இருக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்கிறார். தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் சொல்கிறது. ‘இத்தனை பேரில் ரவியே வந்தான்’ என்றால் பிரிநிலை. ‘வந்தவன் ரவியே, ஐயமில்லை’ என்றால் தேற்றம். பொது ஆங்கிலத்தின் ‘ஒன்லி’க்குப் பிரிநிலை உண்டு, தேற்றம் கிடையாது. தமிழர்கள் அந்தத் தேற்றத்தையும் அதன் மேல் ஏற்றிவிட்டார்கள். இந்தியில் ‘ஹீ’ என்ற இடைச்சொல் இதே வேலையைச் செய்வதால் வடக்கிலும் இந்த வழக்கு உண்டு. மொழியியலாளர்கள் இதைப் பிழை என்று தள்ளாமல், இந்திய ஆங்கிலத்தின் இயல்புகளில் ஒன்றாகவே விவரிக்கிறார்கள். பேச்சில் இதற்குக் கூச வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் அந்த வாக்கியம் போனால், ‘இவருக்கு மதுரையைத் தவிர வேறெங்கும் வீடு இல்லை’ என்றே அங்கு படிப்பார்கள். அந்த இடத்தில் ‘ஒன்லி’யை எடுத்துவிட்டு ‘ஐ லிவ் இன் மதுரை’ என்று எழுதினாலே போதும்.