உஷார்! சைரன் நாப்பில் எண்ணெய் விடாதீர்கள்

கையில் இருக்கிற எண்ணெய்ப் புட்டியை முதலில் கீழே வையுங்கள். சைரன் நாப் இறுகிவிட்டது, திருக வரவில்லை, ரெண்டு சொட்டு விட்டால் இளகிவிடும் என்று ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துபோட்டு நிற்கிறீர்கள், இல்லையா? அந்த ரெண்டு சொட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கூடுவாஞ்சேரியில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு சைரனை யாரும் விளக்க வேண்டாம். வடக்கே ஊரப்பாக்கமும் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும், தெற்கே பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், அதற்கும் அப்பால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தச் சாலையில் அடிபட்டவரை ஏற்றினாலும் நெஞ்சுவலிக்காரரை ஏற்றினாலும் வண்டி பெரும்பாலும் எங்கள் காதைத் தொட்டுவிட்டுத்தான் போகும். படுத்துக்கொண்டே தரம் பிரிக்கலாம். நீட்டி ஏறி நீட்டி இறங்குவது வெய்ல். படபடவென்று துடிப்பது யெல்ப். ரெண்டே சுரத்தில் மாறிமாறி அடிப்பது ஹை-லோ. திறந்த சாலையில் வெய்லில் வரும் டிரைவர் சிக்னலை நெருங்கும்போது யெல்ப்புக்கு மாற்றுவார். சத்தம் மாறினால்தான் ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஒன்றன்பின் ஒன்றாக ரெண்டு ஆம்புலன்ஸ் வந்தால் இது இன்னும் முக்கியம். முதல் வண்டி போனதும் சாலையை மூடிக்கொள்கிற கூட்டத்துக்கு, பின்னால் இன்னொன்று வருகிறது என்று சொல்வதே அந்த வேறு சத்தம்தான்.

அந்த மாற்றம் நடப்பது கட்டைவிரல் அளவு நாப் ஒன்றில். அது இறுகிவிட்டால் டிரைவரின் கண் சாலையை விட்டு டேஷ்போர்டுக்கு இறங்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி குனிந்தால் வண்டி 50 மீட்டர் குருடாக ஓடியிருக்கும். எங்கள் சிக்னலில் 50 மீட்டருக்குள் எத்தனை பேர் குறுக்கே ஓடுகிறார்கள் என்று வந்து பாருங்கள்.

எண்ணெய் கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பெரியவர் ஒருவரின் செட்டில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தனியார் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இறங்கிய பையன் கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில்.

"தலைக்கா, வண்டிக்கா?" என்றார் பெரியவர்.

"சைரன் நாப்புக்கு ணா. கல்லு மாதிரி இருக்கு. காலையிலேர்ந்து விட்டுப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குது."

அவர் நாப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்தக் கையோட சிலிண்டரத் தொட்டியா?" என்றார்.

பையனுக்குப் புரியவில்லை. எனக்கும் அந்த நொடியில் புரியவில்லை. புரிந்த பிறகு வயிறு கலங்கியது.

ஆம்புலன்ஸுக்குள் இருப்பது ஆக்ஸிஜன். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள் கொண்ட அந்த சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவில் அழுத்தி நிரப்பியிருப்பார்கள். ஆக்ஸிஜன் தானாக எரியாது. மற்றதை எரிய வைக்கும், அதுவும் வெறித்தனமாக. சாதாரணக் காற்றில் சும்மா கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, அழுத்தமான ஆக்ஸிஜன் பட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடும். வால்வைச் சட்டென்று திறக்கும்போது வாயு ரெகுலேட்டரின் குறுகிய வாய்க்குள் பாய்ந்து ஒடுங்கி ஒரு கணத்தில் சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே கதைதான், பல மடங்கு பெரிதாக. அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றினால் ரெகுலேட்டரே எரியும். ஆக்ஸிஜன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது என்பது சிலிண்டர் கையாளுபவர்களின் முதல் பாடம். நாப்பில் தடவிய விரலே அடுத்த அழைப்பில் சிலிண்டர் சாவியையும் திருகும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ், எல்லாம் ஒன்றுதான். 'சுத்தம் பண்ண' என்று பஞ்சில் பெட்ரோல் நனைப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

டபிள்யூடி-40 அடித்தால் போச்சு என்பார்கள். 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்ட உருவான சரக்கு அது, பெயரே அதைத்தான் சொல்கிறது. துருப்பிடித்த போல்ட்டுக்குக் கெட்டிக்காரன். ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். அந்தப் படலம் ஜிஎஸ்டி சாலைப் புழுதியை இழுத்து உட்கார வைத்தால் ரெண்டே வாரத்தில் முன்னைவிட இறுக்கம்.

இறுகுவது ஏன்? பல சைரன் பெட்டிகளில் அந்த நாப் வானொலியின் வால்யூம் மாதிரி வழுக்கிச் சுற்றுவதல்ல. படி படியாக டக், டக் என்று நிற்கும் ரோட்டரி சுவிட்ச். உள்ளே ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் பள்ளத்தில் விழுந்து அந்த டக்கைக் கொடுக்கின்றன. அதற்கு அடியில் தகட்டுக் கான்டாக்டுகள். ஷாஃப்ட் சுற்றும் புஷ்ஷில் தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் இருக்கும். சித்திரை வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தினால் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது. வருஷக்கணக்கில் அப்படி வெந்த கிரீஸ் பிசினாகிவிடுகிறது. மாமல்லபுரம், கோவளம் பக்கம் ஈசிஆரில் ஓடுகிற வண்டி என்றால் உப்புக் காற்று வேறு. இரும்பு ஷாஃப்டும் பித்தளை புஷ்ஷும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். 2015 டிசம்பர் மழையிலும் 2023-ல் மிக்ஜாம் புயலிலும் எங்கள் பக்கத்துத் தெருக்கள் தண்ணீரில் நின்றன. அப்படித் தண்ணீர் புகுந்த வண்டி என்றால் நாப்பை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை, பெட்டியையே பிரித்துப் பார்க்கணும்.

கட்டிங் பிளேயரை எடுத்து முறுக்குவது அடுத்த பெரிய ஆபத்து. ஷாஃப்ட் உடைந்தால்கூடப் பரவாயில்லை, உடைந்தது கண்ணுக்குத் தெரியும். நாப் மட்டும் ஷாஃப்டில் வழுக்கிச் சுற்றிவிட்டால்தான் பொல்லாப்பு. வெளியே கோடு யெல்ப்பைக் காட்டும், உள்ளே சுவிட்ச் ஸ்டாண்ட்-பையில் இருக்கும். டிரைவர் சைரன் போட்டதாக நினைத்துக்கொண்டு சந்திப்புக்குள் நுழைவார். வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு, உண்மைதான். சத்தமே வராத வண்டிக்கு யார் வழிவிடுவது?

சரி, என்னதான் செய்வது? பெரியவர் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பையனை சோப்புப் போட்டு ரெண்டு தரம் கை கழுவ அனுப்பினார். பிறகு சைரனின் ஃபியூஸைப் பிடுங்கினார். சாவியை அணைத்தால் போதாது, பல வண்டிகளில் சைரன் பேட்டரியிலிருந்தே நேராக வரும். கன்ட்ரோல் பெட்டியை டேஷ்போர்டிலிருந்து கழற்றி வெளியே மேஜைக்குக் கொண்டுவந்தார். எந்தச் சுத்தம் செய்வதானாலும் ஆக்ஸிஜன் இருக்கும் வண்டிக்குள் செய்யக் கூடாது என்பது அவர் கட்சி, என் கட்சியும் அதுதான்.

நாப்பைக் கழற்றினார். சிலது நேராக இழுத்தால் வரும், சிலதில் பக்கவாட்டில் பொடி ஸ்க்ரூ இருக்கும், ஆலன் கீ வேண்டும். கழற்றுவதற்கு முன் கோடு எங்கே நிற்கிறது என்று பேனாவால் பெட்டியில் குறித்துக்கொண்டார். பிறகு வெறும் ஷாஃப்டை விரலால் சுற்றிப் பார்த்தார். இதுதான் சோதனை. வெறும் ஷாஃப்ட் லேசாக டக் டக் என்று போனால் சுவிட்ச் நல்லாயிருக்கிறது, நாப்தான் பேனலில் உரசுகிறது. உரசும் இடத்தைத் துடைத்து, நாப்பை ஒரு காகிதக் கனம் தூக்கிப் போட்டால் தீர்ந்தது. முழுச் சுற்றும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் நட்டை யாரோ மிகையாக முடுக்கியிருக்கலாம், இல்லை கிரீஸ் காய்ந்திருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கான்டாக்ட் கிளீனரைத் துளி அடித்து, இருபது முப்பது தரம் சுற்றி, முழுசாகக் காயவிட வேண்டும். அதுவும் தீப்பிடிக்கும் சரக்குதான், ஈரத்தோடு கரண்ட் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரகரவென்று சிக்கினாலோ, கருகிய வாடை வந்தாலோ, அந்த சுவிட்ச் செத்தது. மாற்றுங்கள். ரிப்பேர் வேண்டாம்.

மாட்டிய பிறகு ஃபியூஸ் போனால் அதற்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுகிற நம் ஊர்க் கெட்ட பழக்கத்தை ஆம்புலன்ஸில் காட்டாதீர்கள். 100 வாட் சைரன் 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பி தாங்கும், வயரிங் தாங்காது, பக்கத்திலேயே சிலிண்டர்.

இன்னொன்று, இதை யாருமே கண்டுகொள்வதில்லை. சோதிக்கும்போது ஒருவர் உள்ளே நாப்பைத் திருக, இன்னொருவர் பம்பருக்கு முன்னால் குனிந்து "வருது, வருது" என்று கத்துவார். கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஹார்ன் ஸ்பீக்கர் கிட்டத்தில் காதை நிரந்தரமாகக் கெடுக்க வல்லது. தகர செட்டுக்குள் என்றால் இன்னும் மோசம். வண்டியை வெளியே எடுத்து, முன்னால் ஆளில்லாமல், காதை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் ரெண்டு நொடி. போதும்.

சரிசெய்ய நேரமில்லை, அழைப்பு வந்துவிட்டது என்றால்? நாப்போடு மல்லுக்கு நிற்காதீர்கள். எந்தச் சத்தத்தில் மாட்டியிருக்கிறதோ அதிலேயே விட்டு, ஹெட்லைட்டும் வண்டி ஹார்னும் சேர்த்து, சந்திப்பில் வேகத்தைக் குறைத்துப் போங்கள். கூட இருக்கும் உதவியாளர் திருகிப் பார்க்கட்டும், டிரைவர் வேண்டாம். திரும்பியதும் டேப் ஒட்டி 'நாப் பழுது' என்று எழுதுங்கள். ஷிஃப்ட் மாறி அடுத்து ஏறும் டிரைவருக்கு அது தெரியாமல் போகக் கூடாது.

அந்தப் பையன் வண்டியில் வெறும் ஷாஃப்ட் வெண்ணெய் மாதிரி சுற்றியது. பெரியவர் நாப்பைத் திருப்பிக் காட்டினார். அடியில் மஞ்சளும் சிவப்புமாகக் கெட்டியான ஒரு வளையம், மேலே தேங்காய் எண்ணெய் ஊறியிருந்தது. ஆயுத பூஜைக்கு ஸ்டீரிங், மீட்டர், சைரன் நாப் என்று ஒன்று விடாமல் வைத்த சந்தனமும் குங்குமமும் இடுக்கில் இறங்கிக் காய்ந்து காங்கிரீட் ஆகியிருக்கிறது. பல் குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு மாட்டினார்.

"அடுத்த பூஜைக்கு கண்ணாடியில வை தம்பி," என்றார். பையன் தலையாட்டிவிட்டு எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொள்ளப் போனான். அவர் கொடுக்கவில்லை.