உங்களுக்குத் தெரியுமா? பூனையைப் புரட்டும் வேர்

காங்கேயம் என்றால் எல்லோரும் காளையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இந்த வாரம் பூனைக்கு.

● குப்பைமேனியைக் காங்கேயத்தில் தேடிப் போக வேண்டியதில்லை. ஐப்பசி மழை இரண்டு பெய்தால் போதும். தேங்காய்க் களத்துச் சுவரோரம், அரிசி மில்லுக்குப் பின்னால், விற்காமல் கிடக்கும் சைட்டில் எல்லாம் தானே முளைத்து நிற்கும். ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, திண்ணையில் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். தெருப் பூனை வரும். வேரை முகரும், நக்கும், கன்னத்தைத் தேய்க்கும், கடைசியில் மல்லாந்து புரளும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘கேட்னிப்’ என்ற காய்ந்த தழையைக் காசு கொடுத்து வாங்கி, பூனைக்குக் காட்டி ரசிக்கிறார்களே, அதே கூத்துதான்.

● இலையைக் கசக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு “சும்மா கதை” என்று சொல்பவர்கள் உண்டு. சங்கதி வேரில் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும்வரை பூனை அந்தச் செடியைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போகும். பிடுங்கி வெளியே போட்டால்தான் வாசம் அதன் மூக்குக்கு எட்டுகிறது. ஐசோடைஹைட்ரோநெபெட்டலாக்டோன், ஐசோஇரிடோமிர்மெசின் என்ற இரண்டு சேர்மங்கள்தான் காரணம் என்கிறார்கள் வேதியியலார்.

● ஆய்வுக்கூடம் வருவதற்கு வெகு முன்பே நம்மவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. மலேசியாவில் இதே செடியை ‘கூச்சிங் காலாக்’ என்பார்கள். அங்கும் பெயரில் பூனை இருக்கிறது.

● கேட்னிப்பும் குப்பைமேனியும் உறவே இல்லை. கேட்னிப், துளசியும் புதினாவும் இருக்கிற குடும்பம். குப்பைமேனியோ ஆமணக்கின் பங்காளி. ஆனாலும் இரண்டும் பூனையை மயக்கக் கையாளும் வாசனைகள் ஒரே வகையைச் சேர்ந்தவை. கேட்னிப்பின் நெபெட்டலாக்டோனை அமெரிக்க வேதியியலார் 1941-ல் பிரித்தெடுத்தார்கள்.

● எல்லாப் பூனையும் மயங்காது. கேட்னிப்புக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள்தான் மசிகின்றன. இது பரம்பரையாக வருகிற குணம் என்று 1962-லேயே ஓர் ஆய்வு சொன்னது. குட்டிகளுக்கு முதல் சில மாதங்கள் எந்தப் பாதிப்பும் இல்லை. 2017-ல் 100 பூனைகளிடம் நான்கு செடிகளைக் காட்டிப் பார்த்தார்கள். கேட்னிப்பைத் திரும்பியும் பார்க்காத பூனைகளில் பெரும்பாலானவை ஜப்பானிய ‘மடடாபி’ கொடியிடம் விழுந்தன. குப்பைமேனி வேரும் 2022-ல் இப்படி ஒரு பரிசோதனைக்குப் போய்வந்தது. பூனைகள் அதற்கும் உருண்டன.

● புரளும் பூனைக்கு என்ன நேர்கிறது? இதற்குச் சரியான விடை கிடைக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் மடடாபிக்குப் பூனை மயங்குவதை 1709-லேயே கைபரா எக்கென் என்ற அறிஞர் எழுதி வைத்துவிட்டார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்நாட்டு ஆய்வாளர்கள் மடடாபியிலிருந்து நெபெட்டலாக்டால் என்ற சேர்மத்தைப் பிரித்து, ஒரு தாளில் தடவிப் பூனை முன் வைத்தார்கள். புரண்ட பூனையின் ரத்தத்தில் பீட்டா எண்டார்பின் கூடியிருந்தது. அது உடம்பு தானே சுரக்கிற வலிநிவாரணி. அபினும் மார்பினும் போய் உட்காருகிற அதே இடத்தில்தான் இதுவும் உட்காரும். அந்த இடத்தை மறிக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தபோது புரளல் குறைந்துவிட்டது.

அதோடு விடவில்லை அவர்கள். தலையில் நெபெட்டலாக்டால் பட்ட பூனையையும் படாத பூனையையும் கொசுக்களிடம் காட்டினார்கள். வாசனை பூசிய பூனையின் மேல் உட்கார்ந்த கொசு குறைவு. ஆக, நாம் போதை என்று சிரிக்கிற புரளலில் கொசு மருந்து பூசிக்கொள்ளும் வேலையும் நடக்கிறது. அடுத்த ஆண்டு இன்னொன்றும் தெரிந்தது: பூனை இலையைக் கடித்துக் குதறுவது சும்மா இல்லை, இலை சிதையச் சிதைய வாசனை கூடுதலாக வெளிவருகிறது.

● கொசு என்றதும் நம்மூர்ப் பேய்மிரட்டி நினைவுக்கு வர வேண்டும். அதன் பச்சை இலையைத் திரித்து எண்ணெயில் நனைத்து விளக்குத் திரியாக எரித்தால் கொசு அண்டாது என்பது கிராமத்து வழக்கம். செடிகளுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ், பேய்மிரட்டியை முதலில் ‘நெபெட்டா’ இனத்தில்தான் சேர்த்திருந்தார். நெபெட்டா என்பது கேட்னிப்பின் இனம். பின்னால் வந்தவர்கள் அதைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

● மயக்கம் எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடம், மிஞ்சிப் போனால் பதினைந்து. அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே வேரை மூக்கருகே கொண்டுபோனாலும் பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மறுபடி மறுபடி ஏங்குவதோ அடிமையாவதோ கிடையாது. நாய்க்கு இந்த வாசனை ஒரு பொருட்டே இல்லை.

● மனிதனுக்கு ஏறுமா? 1969-ல் அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் புகழ்பெற்ற இதழில், கேட்னிப்பைப் புகைத்தால் கஞ்சா போல மனம் மாறுகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. கூடவே இரண்டு செடிகளின் படமும் போட்டிருந்தார்கள். வாசகர்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள்: படத்தில் கேட்னிப் என்று போட்டிருப்பது கஞ்சா, கஞ்சா என்று போட்டிருப்பது கேட்னிப்! எந்தச் செடி எது என்றே தெரியாத கட்டுரையை யார் நம்புவார்? நமக்கு அது புதினா மாதிரி ஒரு தழை. மேலைநாடுகளில் தூக்கத்துக்கு முன் டீ போட்டுக் குடிப்பார்கள், அவ்வளவுதான்.

● குப்பைமேனியை மட்டும் அப்படி லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இலையை உப்போடு அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவதும், மஞ்சளோடு அரைத்து முகத்தில் தடவுவதும் வெளிப்பூச்சு; அது பாட்டிகள் காலத்து வைத்தியம். உள்ளுக்குச் சாப்பிடுவது வேறு கதை. இலங்கையில் குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சி குடித்த சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, மஞ்சள் காமாலை கண்டதை மருத்துவர்கள் 1990-களில் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு ‘ஜி-6-பி-டி’ என்ற நொதி பிறவியிலேயே குறைவு. அந்தக் குறை இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை; சில மலேரியா மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். யூடியூபில் யாரோ குப்பைமேனிச் சாறு குடிக்கச் சொன்னால், முதலில் ஒரு மருத்துவரைக் கேளுங்கள்.

● பெயரில் பூனை இருந்தால் பூனை வந்துவிடுமா? பூனைமீசைச் செடிக்குப் பூவின் நீண்ட கேசரங்களால் வந்த பெயர். சிறுநீரகத்துக்கு நல்லது என்று கஷாயம் போடுவார்கள். பூனைக்காலியின் காயைத் தொட்டால் அன்றைக்கு முழுக்கச் சொறிய வேண்டியதுதான்.

● காங்கேயத்துக்குப் பெரிய பூனையும் வந்ததுண்டு. கொங்கணச் சித்தர் தங்கித் தவம் செய்ததாகச் சொல்லும் ஊதியூர் மலைப்பக்கம் 2023-ல் சிறுத்தை நடமாடி ஆடு, கன்றுகளை அடித்தது. வனத்துறை கூண்டும் கேமராவும் வைத்தது. வாசனை காட்டிப் பிடிக்க முடியாதா என்று கேட்கலாம். ஜப்பானிய உயிரியல் பூங்காக்களில் சிறுத்தையும் ஜாகுவாரும் நெபெட்டலாக்டால் தடவிய தாளில் முகம் தேய்த்திருக்கின்றன. அமெரிக்காவில் 1970-களில் கேட்னிப்பைக் காட்டியபோது சிங்கமும் ஜாகுவாரும் நன்றாகவே மயங்கின; புலி அசரவில்லை. அதனால்தானோ என்னவோ, 2018-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் காட்டில் ‘அவனி’ என்ற பெண்புலியைத் தேடியவர்கள் தழையை நம்பாமல் ‘அப்செஷன்’ என்ற ஆண்களுக்கான சென்ட்டைக் கொண்டுபோனார்கள். அதில் புனுகின் வாசம் தரும் சேர்மம் இருக்கிறது. அந்தப் புலி கடைசியில் நவம்பர் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டது.

● வீட்டுப் பூனைக்கு விளையாட்டுச் சாமான் வேண்டுமென்றால் ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டாம். திருப்பூர்க்காரர்களுக்குப் பனியன் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? மருந்து தெளிக்காத இடத்துக் குப்பைமேனி வேரைக் கழுவித் துடைத்து, துணிக்குள் வைத்து முடிச்சுப் போட்டால் முடிந்தது. பூனை வேரை மென்று தின்ன விடாதீர்கள், முகர்ந்தால் போதும். செடியில் சயனைடு வெளியிடும் சேர்மம் ஒன்றும் இருக்கிறது. பிசிறு நூல் தொங்காமல் வெட்டிவிடுங்கள். பூனையின் நாக்கில் பின்பக்கம் பார்த்த முட்கள் உண்டு. நூல் ஒருமுறை சிக்கினால் துப்ப வராது, விழுங்கத்தான் முடியும். உள்ளே போன நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். கோனும் நூலும் கிடக்கிற வீடுகளில் இதைக் கவனியுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் பிடித்து இழுக்காமல் அப்படியே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.