தன்முயற்சியைக் கற்பித்த முன்னோடிகள்

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள லீட்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணி ஆலைகளும் இரும்பு வார்ப்படச் சாலைகளும் நிறைந்த தொழில்நகரமாக விளங்கியது. அந்நகரின் ஏழை இளைஞர் இருவர் மூவர் குளிர்கால மாலைகளில் ஒன்றுகூடி, தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்பிக்கத் தொடங்கினர். முதல் வகுப்பு அவர்களுள் ஒருவர் வாழ்ந்த சிறு வீட்டில் நடந்தது. ஆட்கள் பெருகவே இடம் போதவில்லை. கோடை வந்ததும் வகுப்பு வீட்டுத் தோட்டத்துக்கு மாறியது. திடீரென மழை பெய்தால் பலகையில் எழுதிய கணக்குகள் அழிந்துபோகும். அன்றைய பாடமும் அத்துடன் முடிந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் துணிந்து ஒரு பெரிய அறையை வாடகைக்கு எடுத்தனர். அது காலரா நோயாளிகளுக்குத் தற்காலிக மருத்துவமனையாக இருந்த இடம். நோய் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாக அஞ்சி, வேறு எவரும் அங்குக் குடிவர முன்வரவில்லை. ஏறக்குறைய நூறு பேர் அங்கே எழுத்தும் கணக்கும் பயின்றனர். சிலர் புவியியல், வேதியியல், அயல்மொழிகள் ஆகியவற்றையும் கற்றனர்.

அவ்விளைஞர்கள் தங்களிடையே உரையாற்றுமாறு சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவரை அழைத்தனர். 1812ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், மருத்துவம் பயின்றவர். லீட்ஸில் செய்தித்தாள் ஆசிரியராக இருந்து, பின்னர் இருப்புப்பாதை நிறுவனம் ஒன்றின் செயலாளரானவர். உழைப்பால் உயர்ந்தோரின் வரலாறுகளை அவர்களுக்கு எடுத்துரைத்தார். அவ்வுரைகளே பின்னர், தனக்குத் தானே உதவுதல் என்று பொருள்படும் ‘செல்ஃப் ஹெல்ப்’ என்னும் நூலாக விரிந்தன. 1855இல் ஒரு பதிப்பாளர் அதன் கையெழுத்துப் படியை ஏற்க மறுத்துவிட்டார். 1859இல்தான் நூல் வெளிவந்தது. முதல் ஆண்டிலேயே இருபதாயிரம் படிகள் விற்றன. இன்று உலகெங்கும் பெருகியுள்ள தன்முன்னேற்ற நூல்களுக்கு இந்நூலின் பெயரே வகைப்பெயராக ஆங்கிலத்தில் வழங்குகிறது.

அந்நூலில் விரைவில் செல்வம் சேர்க்கும் வழிகள் இல்லை. குயவர், நெசவாளர், பொறிவல்லுநர் ஆகியோரின் நீண்ட உழைப்பே பேசப்படுகிறது. பிரான்சு நாட்டுக் குயவர் பெர்னார்டு பாலிசி, மட்கலத்துக்கு வெண்மெருகு ஏற்றும் முறையைக் கண்டறியப் பல ஆண்டுகள் போராடினார். விறகு தீர்ந்தபோது வீட்டின் மரச்சாமான்களையும் உடைத்து உலையில் இட்டார். இறுதியில் வெற்றி பெற்றார் என்பது உண்மையே. எனினும், அவருடைய குடும்பம் பட்ட பாட்டை மறந்துவிட்டு அக்கதையைப் பாராட்டுவது முறையாகாது. தொழிலில் முன்னேறும் வேகத்தில் வீட்டாரை மறப்போர் இக்காலத்திலும் உளர்.

தம் நூலின் பெயர் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டதைப் பின்னாளில் ஸ்மைல்ஸே உணர்ந்தார். தன்னலத்தைப் போற்றும் நூல் என்று சிலர் கருதிவிட்டனர். தனக்கு உதவிக்கொள்ளுதல் என்பது பிறருக்கு உதவுவதையும் உள்ளடக்கியது என 1866ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் விளக்கம் தந்தார். லீட்ஸ் வகுப்பே அதற்குச் சான்று. அங்கு எவரும் தனியே கற்கவில்லை. இக்காலத்தில் கணினித்துறையினரும் வங்கி ஊழியரும் புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம் மீண்டும் மாணவராக வேண்டியுள்ளது. அறியாததை உடன் பணிபுரிவோரிடம் வெட்கமின்றிக் கேட்பவரும், அறிந்ததை ஒளிக்காமல் சொல்பவரும் அந்த வகுப்பின் வழியில் நடப்பவரே.

ஸ்மைல்ஸுக்கு அடுத்த தலைமுறையில் தோன்றியவர் ஜேம்ஸ் ஆலன். வேலை தேடி அமெரிக்காவுக்குச் சென்ற தந்தை அங்கே இறந்துவிட, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர் அவர். எண்ணமே மனிதனையும் அவனது சூழலையும் உருவாக்குகிறது என்பது அவருடைய கொள்கை. அதைக் கூறும் சிறுநூல் 1903இல் வெளியானது. அந்நூலைத் தமிழுக்குத் தந்தவர், தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் நடத்திய வ.உ.சிதம்பரனார். 1908இல் ஆங்கில அரசு அவரைச் சிறையிலடைத்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்த அவர், அச்சிறைக் காலத்திலேயே ஆலனை மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரில் 1909இல் வெளிவந்தது.

இங்கே ஒரு வினா எழுகிறது. சூழல் முழுவதும் எண்ணத்தின் விளைவே என்றால், சிதம்பரனாரின் சிறையும் அவருடைய எண்ணத்தின் குறையோ? அன்று. சிறையைக் கட்டியதும் தண்டனை விதித்ததும் அயலார் ஆட்சி. ஆலனின் கொள்கையை அந்த அளவுக்கு நீட்டினால் அது பொய்த்துவிடும். நிறுவனம் நலிந்து வேலை இழந்த ஒருவரிடம், ‘உன் எண்ணமே காரணம்’ என்று கூறுவதும் அத்தகைய பிழையே. செக்கும் பூட்டும் சிதம்பரனாரின் கையில் இல்லை. மொழிபெயர்ப்பு அவர் கையில் இருந்தது.

1912ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுதலையானபோது கப்பல் நிறுவனம் இல்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. வறுமை சூழ்ந்த அந்நாட்களில் அவர் ஆலனின் மற்றொரு நூலை ‘அகமே புறம்’ என்னும் பெயரில் வெளியிட்டார். பின்னர்த் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் பணியில் இறங்கினார்.