தலைவலியும் தலைக்குள் கட்டியும்

நெசவாளருக்கும் விவசாயிக்கும் தலைவலி புதிதன்று. நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து இழையைக் கூர்ந்து நோக்குபவருக்கும், உச்சி வெயிலில் களை பறிப்பவருக்கும் மாலையில் தலை கனப்பது இயல்பே. இத்தகைய தலைவலி பெரும்பாலும் ஓய்வினாலோ மூக்குக்கண்ணாடியினாலோ தீர்ந்துவிடும். ஆயினும், மூளையில் தோன்றும் கட்டியும் சில சமயம் தலைவலி உருவிலேயே வருகிறது. இரண்டையும் எங்ஙனம் பிரித்தறிவது?

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்கையில், தொகை பெரிதா சிறிதா என்பதற்கு முன், அது வழக்கத்தினின்று மாறியிருக்கிறதா என்றே நாம் பார்க்கிறோம். உடம்பின் கணக்கிலும் அதுவே விதி.

மண்டையோடு விரிந்து கொடாத பெட்டி. உள்ளே கட்டி வளர்ந்தால் அழுத்தம் மிகும். படுத்திருக்கையில் இன்னும் கூடும். ஆகவே விடியற்காலையில் கடுமையாயிருந்து, இருமினாலும் குனிந்தாலும் மிகுந்து, வாந்தியுடன் வாரத்துக்கு வாரம் வளரும் தலைவலியை அலட்சியம் செய்யலாகாது.

தலைவலியின்றியும் கட்டி வரலாம். வயது வந்தவருக்கு முதன்முறையாக வலிப்பு வருதல், ஒரு பக்கத்துக் கையோ காலோ வலுவிழத்தல், பேச்சுத் தடுமாறல், பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல் ஆகியவை அறிகுறிகளாம். இழை முடியும் விரல் தடுமாறினாலும், மிதிபலகையில் ஒரு கால் பின்தங்கினாலும், வரப்பில் நடை தள்ளாடினாலும் வயதின்மேல் பழி போடவேண்டாம். குணம் மாறுவதை நோயாளி உணரார். வீட்டாரே கவனித்தல் வேண்டும்.

வலிப்பு கண்டவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. அவரை ஒருக்களித்துக் கிடத்துக. வாயில் எதையும் திணிக்கற்க. முதல் வலிப்பாயினும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடிப்பினும் 108-க்குத் தெரிவித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புக.

அச்சத்தால் நோயை மறைப்பது பெருந்தவறு. வலிப்பெல்லாம் கட்டியினால் வருவதன்று. மூளையில் தங்கும் நாடாப்புழுக் குஞ்சுகளாலும் காசநோயாலும் வரும். அவற்றுக்கு மருந்துண்டு. கட்டிகளிலும் புற்றுநோயல்லாதவை பல உள. 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தனர். 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பெற்ற சி.டி. ஸ்கேன், இன்று நம் மாவட்டத் தலைநகரங்களிலும் எடுக்கப்படுகிறது.

கட்டி சிறிதாயிருக்கையில் கண்டறிந்தால் பார்வையையும் கைவலுவையும் காப்பதற்கு வாய்ப்பு மிகுதி. ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்குவோர், பின்னர்த் தறியையே இழக்க நேரிடலாம். அங்கத்தினர் ஒருவரிடம் இம்மாறுதல்களைக் கண்டால், அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் கூட்டுறவுக் கடமையே என்பதை நாம் மறவாதிருப்போமாக.