ஜுர மாத்திரையும் புற்று அணுவின் பசியும்

மலேரியா ஜுரத்தோடு தலைமுறை தலைமுறையாய்ப் போராடிய அந்தமான் நிகோபார் தீவுகளில், ஹேடோ துறைமுகத்தை அண்டி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, நாக்கைச் சுருட்டும் கசப்புடைய குளோரோகுயின் மாத்திரையைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமில்லை. 1934-இல் ஜெர்மனியில் உருவாகி, ஜுரத்துக்கென்றே உலகெங்கும் பரவிய அந்த ஔஷதம், இன்று புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடங்களில் வேறொரு காரியத்துக்காகப் பரீட்சிக்கப்படுகிறது.

நம் சரீரத்திலுள்ள உயிரணு, பழுதுபட்ட தன் பாகங்களை மெல்லிய சவ்வுப் பைகளில் சுற்றி, அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் என்னும் அறைக்கு அனுப்பி, அங்கே அவற்றைச் சிதைத்து, கிடைத்த மூலப்பொருளைக் கொண்டே மீண்டும் தன்னைப் பேணிக்கொள்கிறது. 1963-இல் கிறிஸ்டியன் டி டூவ் ஆட்டோஃபேஜி என்று பெயரிட்ட இந்தத் தன்னுண்ணலின் நுட்பத்தைத் துலக்கியவர் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி. செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட் அணுக்களைப் பட்டினி போட்டுவிட்டு, சில மணி நேரத்துக்குப் பின் மைக்ராஸ்கோப்பில் அவர் நோக்கியபோது, செரியாத சிறு பைகள் அணுவின் உள்ளறையில் குவிந்து மிதந்தன. அந்தக் காட்சியைப் பின்தொடர்ந்து அவர் கண்டறிந்த மரபணுக்களுக்காக 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

புற்று தோன்றாமல் தடுப்பதில் துணைநிற்கும் இதே தன்னுண்ணல், புற்று முற்றியபின் பகைக்கும் துணைபோகிறது. நடுக்கடலில் விறகு தீர்ந்த கப்பல் தன் பலகைகளையே பெயர்த்து எரித்துக் கரைசேர்வதுபோல, இரத்த ஓட்டம் குன்றிய கட்டியின் நடுவிலும், கீமோதெரபியின் தாக்குதலிலும், புற்று அணு தன்னையே தின்று தப்பித்துக்கொள்கிறது. குளோரோகுயினும் அதன் இனத்தைச் சேர்ந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் லைசோசோமில் சேர்ந்து அமிலத்தன்மையைக் குறைத்துவிடுவதால், பைகள் குவிந்தும் செரிமானம் நடைபெறாமல் போகிறது.

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு தெளிவாக விளங்கும் தத்துவம், நோயாளியின் படுக்கையருகே அத்தனை எளிதாகப் பலிக்கவில்லை. பரவிய கணையப் புற்றுக்கு ஆளான 112 பேரிடம் கீமோதெரபியோடு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைச் சேர்த்தும் சேர்க்காமலும் பிரயோகித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழக வைத்தியர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவில், கட்டி சுருங்கியோர் 21 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் கூடினர். ஆனால் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தோரின் விகிதம் கூடவில்லை. என் அபிப்பிராயத்தில், வழி தவறென்று இது காட்டவில்லை. ஆயுதம் மழுங்கலாயிருக்கிறது, அவ்வளவே. ஆகவேதான் தன்னுண்ணலைத் தொடங்கிவைக்கும் யு.எல்.கே.1 என்னும் நொதியையே நேராகத் தடுக்கும் சிறு மூலக்கூறுகளை மேனாட்டார் தேடுகின்றனர். நம் நாட்டிலும், பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் ரவி மஞ்சித்தாயாவின் குழுவினர், ஓசுமி கையாண்ட அதே எளிய ஈஸ்டைத் துணைக்கொண்டு, தன்னுண்ணலைக் கூட்டியும் குறைத்தும் வைக்கவல்ல மூலக்கூறுகளைச் சலித்தெடுத்து வருகின்றனர்; இவ்வகைப் பொறுமையான உழைப்புக்கு அரசாங்கம் தாராளமாகப் பொருள் வழங்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்த மாத்திரையைப் புற்றுக்காகத் தாமாகவே வாங்கி விழுங்குவது ஆபத்து. அது விழித்திரையையும் இதயத் துடிப்பையும் பாதிக்க வல்லது. புற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையும் அன்று. தீவுகளிலிருந்து சென்னைக்குச் சிகிச்சை நாடி வரும் அன்பர்கள், மலேரியாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ இதை உட்கொண்டிருந்தால், முதல் பரிசோதனையிலேயே டாக்டரிடம் தெரிவித்துவிடுங்கள்.