வளவுக்கு வரும் விருந்தாளிகள்



ஸுபஹ் தொழுகை முடிந்து, அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு, குசினி ஜன்னலைத் திறக்கிறீர்கள். வெளியே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. அந்த நேரத்தில் உங்கள் வளவில் எத்தனை குரல்கள் கேட்கின்றன என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா?

காகத்தின் குரலை விட்டுவிடுவோம். அது நாள் முழுவதும் கேட்பது. அதற்கு முன்பே தென்னை உச்சியிலோ வீட்டு முகட்டிலோ இருந்து நீளமாக ஒரு குருவி பாடும். கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்தி நிற்கும் அதனைக் குண்டுக்கரிச்சான் என்பார்கள். நம் சிங்களச் சகோதரர்கள் பொல்கிச்சா என்கிறார்கள். ஆண்குருவி நல்ல கறுப்பு. பெண்குருவி சற்றுச் சாம்பல் சாயல். வருடத்தின் மற்ற மாதங்களில் அவ்வளவாகக் கேட்காத அந்தப் பாட்டு, பெப்ரவரி கழிந்து மார்ச் பிறக்கும்போது விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். "இது என் இடம், இங்கே நான் கூடு கட்டப் போகிறேன்" என்பதுதான் அந்தப் பாட்டின் பொருள்.

குளிர் நாடுகளில் இந்த நாட்களை இளவேனில் என்பார்கள். நமக்குப் பனியும் இல்லை, இலையுதிர்காலமும் இல்லை. ஆனாலும் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறத் தொடங்கும் பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் வீட்டுத் தோட்டங்களில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தூரதேசத்திலிருந்து வந்த விருந்தாளிகள் புறப்பட ஆயத்தமாகிறார்கள். ஊரிலேயே இருப்பவர்கள் குடும்பம் நடத்த ஆயத்தமாகிறார்கள். இரண்டையும் காண நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. ஜன்னலோரம் போதும்.

புறப்படப் போகும் விருந்தாளிகள்

மரங்கள் நெருங்கிய வளவாக இருந்தால், காலை ஆறு மணியளவிலும் மாலை மஃரிபுக்குச் சற்று முன்பும் புதருக்குள்ளிருந்து இரண்டு அசையாகச் சீழ்க்கையடிப்பது போன்ற ஒரு குரல் கேட்கும். அதனால்தான் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். கட்டை வால். பச்சை முதுகு. கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. சிறகில் நீலம், வயிற்றின் அடியில் இரத்தச் சிவப்பு. இவ்வளவு அழகையும் வைத்துக்கொண்டு, காய்ந்த இலைகளைப் புரட்டிப் பூச்சி தேடியபடி நிலத்தில் தத்தித் திரியும்.

இது நம் நாட்டில் குஞ்சு பொரிப்பதில்லை. இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதிக் காடுகளிலும் பிறந்து, செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களில் இங்கே வருகிறது. ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள அந்தப் பறவை, இமயமலை அடிவாரத்திலிருந்து வருவதானால் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் கடந்து உங்கள் வளவுக்கு வந்திருக்கிறது! வந்த களைப்பில் விளக்கு வெளிச்சத்தில் மயங்கி வீடுகளுக்குள் நுழைந்துவிடுவதும் உண்டு. அப்படி வந்தால் பிள்ளைகளைக் கத்தவிடாமல் ஒரு கடதாசிப் பெட்டியில் இருட்டாக வைத்து, விடிந்ததும் மரநிழலில் திறந்துவிடுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் அது திரும்பிவிடும்.

கண்டி, மாவனல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னொரு விருந்தாளியைக் காணலாம். நீண்ட வெள்ளை வாலை நாடாப்போல இழுத்துக்கொண்டு கிளைக்குக் கிளை பாயும் அரசவால் குருவி. சிங்களத்தில் 'சுது ரெதி ஹொரா', அதாவது வெள்ளைத்துணித் திருடன் என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். வெள்ளை வால் உள்ளவை இந்தியாவிலிருந்து வருபவை. நம் நாட்டிலேயே வாழும் இனத்தின் ஆண்பறவை வளர்ந்த பிறகும் செங்கபில நிறமாகவே இருக்கும்.

மரத்தடியில் நடந்து திரியும் காட்டு வாலாட்டியைப் பாருங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் இடமும் வலமுமாக ஆட்டும். சீனா, கொரியா போன்ற கிழக்காசிய நாடுகளில் பிறந்து இங்கே வந்தது. குப்பை மக்கும் மூலையை விரும்பும், ஏனென்றால் அங்கேதான் பூச்சி புழு அதிகம்.

கிழக்கு மாகாணத்திலும் புத்தளம், மன்னார்ப் பக்கங்களிலும் இருக்கும் சகோதரிகள் மின்கம்பிகளைக் கவனியுங்கள். நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசையாக இருந்து, தும்பிகளையும் வண்டுகளையும் பறந்து பிடித்து, மீண்டும் அதே இடத்தில் வந்து அமரும். வேலிக்கம்பில் தனியாக இருந்து கரகரவென்று கத்தும் பழுப்புக் கீச்சானும் வடக்கே சைபீரியா, சீனா போன்ற இடங்களிலிருந்து வந்ததே.

ஏன் போகிறார்கள்? வடக்கே இப்போது குளிர் விலகிப் பகற்பொழுது நீளுகிறது. பூச்சிகள் பெருகுகின்றன. நீண்ட பகலும் நிறைந்த உணவும் குஞ்சு வளர்ப்பதற்கு வசதி. ஆகவே புறப்படுமுன் வயிறார உண்டு உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அதுதான் அவற்றின் வழிச்செலவு. அந்த வழிச்செலவை எங்கே சேர்க்கின்றன? உங்கள் வளவின் இலைச்சருகிலும் வேலியிலும்தான்.

குடும்பம் தொடங்கும் ஊர்க்காரர்கள்

இனி நம் ஊர்ப் பறவைகள். செவ்வரத்தைக் கொப்பின் நுனியில் ஒரு சின்னப் பை தொங்குகிறதா? பழைய குப்பை சிலந்திவலையில் சிக்கியிருக்கிறது என்று எண்ணித் தும்புத்தடியால் தட்டிவிடாதீர்கள்! தேன்சிட்டின் கூடு அது. நார், சிலந்தி நூல், மரப்பட்டைத் துகள் எல்லாம் சேர்த்துப் பின்னி, குப்பைபோலத் தோன்றும்படியே செய்திருக்கிறது. கட்டுவதில் பெரும்பங்கு பெண்சிட்டினுடையது. உள்ளே இரண்டு முட்டைகள் இருக்கும். குஞ்சு வந்ததும் தாயும் தந்தையும் மாறி மாறி ஊட்டும்.

தையற்சிட்டு அகலமான இலைகளின் ஓரத்தைத் துளைத்து, பஞ்சாலும் நாராலும் தைத்து, அந்தப் பைக்குள் கூடு வைக்கும். கொண்டைக்குருவிக்கு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. விறாந்தை விளக்கின் மேலேயே கிண்ணம்போலக் கூடு கட்டிவிடும். ஏழெட்டாகச் சேர்ந்து சலசலத்துத் திரியும் புலுனிகளைப் பாருங்கள். ஒரு சோடியின் குஞ்சுகளுக்குக் கூட்டத்தில் உள்ள மற்றவையும் இரை கொண்டுவந்து கொடுக்கும். மாமி, சாச்சி, ராத்தா என்று எல்லோரும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் நம் வீடுகளைப் போலத்தான்.

குயிலின் கதை வேறு. "கூ, கூ" என்று உரத்துக் கூவுவது கறுத்த ஆண்குயில். பெண்குயில் பழுப்பு நிறத்தில் புள்ளிகள் உடையது. அது முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடும். சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது குயில் கூவுகிறது என்று நம் அயலவர்கள் மகிழ்வதும் இந்தப் பருவத்தை வைத்துத்தான்.

வெள்ளையடிப்பும் வேலி வெட்டும்

இங்கேதான் உங்களிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்வதை அறிவீர்கள். 2025ஆம் ஆண்டு அது மார்ச் மாதத்தில் வந்தது. அதாவது, பெருநாளுக்காக நாம் வீட்டுக்கு வெள்ளையடித்து, தாழ்வாரத்தைத் தட்டி, வேலியை மொட்டையாக வெட்டி, கொப்புகளைத் தறித்து, சருகையெல்லாம் கூட்டி எரிக்கும் வாரங்களும், பறவைகள் முட்டையிட்டு அடைகாக்கும் வாரங்களும் ஒன்றாகிவிட்டன. பெருநாள் நகர்ந்தாலும், வெயில் காலத்தில் வளவைத் துப்புரவு செய்யும் வழக்கம் நகர்வதில்லை. கூலியாள் கத்தியோடு வந்து நிற்பான். அவனுக்கு நேரமும் இல்லை, கூடு கண்ணில் படுவதும் இல்லை. வெட்டலாமா, கூடாதா என்று சொல்ல வேண்டியவர் வீட்டிலிருக்கும் நீங்கள்தான்.

சுத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் கொப்புகளைப் பாருங்கள் என்கிறேன். கூடு இருந்தால் அந்த ஒரு கொப்பை விட்டுவிடச் சொல்லுங்கள். சிறு குருவிகள் முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஒரு மாதம் பொறுத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

இன்னொன்றும் உண்டு. முன்னர் ஒரு வீட்டைச் சுற்றி வளவு இருந்தது. மகளுக்கு ஒரு வீடு, மகனுக்கு ஒரு வீடு என்று வளவு துண்டாகி, இன்று பல ஊர்களில் மதிலுக்கு மதில் வீடு. பிள்ளைகளுக்கு வீடு கட்டத்தான் வேண்டும். ஆனால் அத்திவாரம் போடும் நாளில் ஒரு ஜம்பு மரத்தையாவது, ஒரு கொய்யாவையாவது விட்டுவைக்கலாமே! முற்றம் முழுவதும் சீமெந்து பூசிவிட்டால் ஆறுமணிக் குருவி எங்கே இறங்கும்?

சிட்டுக்குருவிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஓட்டு வீட்டின் இடுக்கில் குடியிருந்த அது, கொங்கிறீட் கூரை வந்ததும் இடமிழந்தது. பூச்சிமருந்தால் குஞ்சுக்கு ஊட்டப் புழுவும் குறைந்தது. துளையிட்ட மண்சட்டியைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு அதற்கு இடம் கொடுப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். அதை மீண்டும் செய்தால் என்ன?

பிள்ளைகளின் கையில் ஒரு கொப்பி

நம் முன்னோர் பறவைகளைக் கவனிக்காதவர்கள் அல்லர். பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ் 'கிதாபுல் ஹயவான்' எழுதினார். 1405இல் காலமான எகிப்து நாட்டு அறிஞர் அத்தமீரி, உயிரினங்களை அரபு அகரவரிசைப்படி தொகுத்து 'ஹயாத்துல் ஹயவான்' என்ற பெருநூலை ஆக்கினார். சுலைமான் நபியின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத் பறவையை எல்லாப் பிள்ளைகளும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் விசிறிபோலக் கொண்டையை விரித்து, நீண்ட அலகால் நிலத்தைக் கிளறும் அதே பறவை, கொண்டலாத்தி என்ற பெயரில் மன்னார், புத்தளம் போன்ற வரண்ட பகுதிகளில் நடமாடுகிறது என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

பம்பாயில் 1896இல் பிறந்த சாலிம் அலி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். சுமார் பத்து வயதில், தான் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமா அதட்டி அனுப்பவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அந்தச் சிறுவனே பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த பறவையியலாளரானார். 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றும் பேசப்படுகிறது. உங்கள் பிள்ளையும் அப்படி ஒரு கேள்வியோடு குசினிக்கு ஓடிவரலாம். "போய்ப் படி" என்று சொல்லுமுன் ஒருமுறை ஜன்னலால் எட்டிப் பாருங்கள்.

செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் நாள், நேரம், கண்ட பறவை, அது செய்த வேலை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதட்டும். ஸுபஹுக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும் கால் மணித்தியாலம் போதும்.

மண்தட்டு ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். பூனை பதுங்க முடியாத வெளியில் வையுங்கள். நாள்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு நாமே வீடு கொடுத்தவர்களாவோம்.

உப்புப்போட்ட உணவும் பழுதான சோறும் வேண்டாம். பழுத்த பப்பாசியில், கொய்யாவில் ஒன்றிரண்டை மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

இறகு முளைத்த குஞ்சு நிலத்தில் கிடந்தால் அது பறக்கப் பழகுகிறது. எடுத்துப் பக்கத்துக் கொப்பில் வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் கைவிட்டுவிடும் என்பது உண்மையல்ல. ஆனால் கூட்டை அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டாம். காகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்!

கிளிக்குஞ்சைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதும், கவண் கொண்டு அடிப்பதும், முட்டை எடுப்பதும் விளையாட்டல்ல. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், ஒரு சில இனங்கள் தவிர்ந்த காட்டுப்பறவைகளைக் காக்கிறது.

ஆர்வமுள்ள மாணவியருக்கு, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய களப் பறவையியல் வட்டம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி நடுப்பகுதியில் நான்கு நாட்கள், உலகெங்கும் மக்கள் தத்தம் வீட்டுத் தோட்டத்தில் கால் மணித்தியாலமாவது இருந்து கண்ட பறவைகளை எண்ணி இணையம் மூலம் அனுப்புகிறார்கள். 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பில் 2013 முதல் எந்த நாட்டவரும் சேரலாம். பள்ளிக்கூடம் போகும் உங்கள் மகள் எழுதும் கொப்பிக்கும் அங்கே இடமுண்டு.

சகோதரிகளே! ஏப்ரல் முடியும்போது ஒருநாள் மாலை ஆறு மணிக்கு அந்தச் சீழ்க்கை கேட்காது. விருந்தாளி புறப்பட்டுவிட்டார் என்று கொப்பியில் குறித்து வையுங்கள். மீண்டும் ஒக்டோபரில் அவர் இறங்குவதற்கு ஒரு துண்டு நிழலும் கொஞ்சம் சருகும் உங்கள் வளவில் மிஞ்சியிருக்கட்டும்.