உண்டியல் சில்லறை வைரமாகுமா?

ஓட்டப்பிடாரத்தில் ஒரு பெட்டிக்கடைக்குப் போகிறீர்கள். ஒன்பது ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டுப் பத்து ரூபாயை நீட்டுகிறீர்கள். கடைக்கார அண்ணாச்சி டப்பாவைத் துழாவிப் பார்த்துவிட்டு, "ஏலே, சில்லறை இல்ல. மிட்டாய் எடுத்துக்கோ" என்கிறார். நீங்களும் சந்தோஷமாக மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். இது நம் எல்லோருக்கும் நடப்பதுதானே?

இப்போது ஒரு சின்ன சோதனை. அந்த மிட்டாயைத் தின்னாமல் வைத்திருந்து, மறுநாள் அதே கடையில், "அண்ணாச்சி, ஒரு ரூபாய்க்குப் பதிலா இந்த மிட்டாயை வச்சுக்கோங்க" என்று கேட்டுப் பாருங்கள். வாங்குவாரா? சிரித்துக்கொண்டே விரட்டிவிடுவார்! ரூபாய் மிட்டாயாக மாறும். மிட்டாய் ரூபாயாக மாறாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்போன் விளையாட்டில் மின்னுகிற வைரம் கூட இந்த மிட்டாய்க்குச் சொந்தக்காரன்தான்.

ஃப்ரீ ஃபயரில் 'டயமண்ட்', பி.ஜி.எம்.ஐ.யில் 'யூ.சி.', ரோப்ளாக்ஸில் 'ரோபக்ஸ்', மைன்கிராஃப்ட்டில் 'மைன்காயின்' என்று ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு தனி நாணயம் உண்டு. உண்டியலில் சேர்த்த காசை எடுத்துப்போய் இவற்றை வாங்கலாமா என்று உங்களில் பலருக்கு ஆசை இருக்கும். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு ஆசைப்படலாமே!

சில்லறையை விழுங்கும் இயந்திரம்

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர் ஜென்ஸ் மோல்பாக். வீடுகளில் டப்பா டப்பாவாகச் சில்லறை சும்மா கிடப்பதைப் பார்த்தார். 1991ல் 'காயின்ஸ்டார்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இவர்களுடைய இயந்திரம் பெரிய கடைகளில் நிற்கும். காசுகளைக் கொட்டினால் கலகலவென்று உள்ளே போகும். எது எந்தக் காசு என்று இயந்திரமே பிரித்து எண்ணிவிடும்.

எண்ணியதும் ஒரு கேள்வி கேட்கும்: பணமாக வேண்டுமா, பரிசுச் சீட்டாக வேண்டுமா? பணமாகக் கேட்டால் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூலியாகக் கழித்துக்கொள்ளும். பரிசுச் சீட்டாக வாங்கினால் ஒரு காசு கூடக் கழிக்காது! வீடியோ விளையாட்டுக் கடைகளின் சீட்டுகளும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கின்றன. இப்படித்தான் அங்கே உண்டியல் காசு விளையாட்டுக் காசாக மாறுகிறது.

கூலி இல்லாமல் செய்ய அவர்களுக்கு என்ன பைத்தியமா? இல்லை. அந்தக் கூலியைக் கடைக்காரர் கொடுத்துவிடுகிறார். பணமாகக் கொடுத்தால் நீங்கள் எந்தக் கடைக்கும் போகலாம். சீட்டாகக் கொடுத்தால் அந்த ஒரு கடைக்குத்தான் போக வேண்டும். உங்களைத் தன் கடைக்கு இழுக்க அவர் தரும் விலை அது.

நம் நாட்டில் கதை தலைகீழ்! இங்கே கடைகளுக்குச் சில்லறை கிடைப்பதே பாடு. அதனால் 2023ல் ரிசர்வ் வங்கி, செல்போனில் பணம் கட்டினால் காசு கொட்டும் இயந்திரங்களை 12 நகரங்களில் சோதனைக்கு வைப்பதாக அறிவித்தது. ஓட்டப்பிடாரத்தில் இயந்திரம் எதற்கு? உண்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அண்ணாச்சியே எண்ணி வாங்கிக்கொண்டு நோட்டாகத் தந்துவிடுவார். கூலியும் கிடையாது. ஒரு கைப்பிடி கடலைமிட்டாய் கிடைத்தாலும் கிடைக்கும்.

இலவசக் குடை

ஓட்டப்பிடாரம் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வரும்? 1872ம் ஆண்டு செப்டம்பர் 5ம் தேதி அங்கே பிறந்த வ.உ.சிதம்பரனார்தானே! 1906ல் தூத்துக்குடியில் அவர் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்குகள். பெருக்கிப் பாருங்கள், 10 லட்சம் ரூபாய். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்தது ஆங்கிலேயரின் கப்பல் கம்பெனி. போட்டி வந்ததும் அவர்கள் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கப்பலில் எட்டணா ஆனது. உடனே ஆங்கிலேயக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? "எங்கள் கப்பலில் வந்தால் காசே வேண்டாம், ஒரு குடையும் இலவசம்!" என்றது. கூட்டம் எங்கே போகும், சொல்லுங்கள்? 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911ல் சுதேசிக் கம்பெனி மூடப்பட்டது. இலவசக் குடை கொடுத்தவர்கள் நட்டப்பட்டுவிடவில்லை.

உங்கள் செல்போன் விளையாட்டையும் இலவசமாகத்தான் இறக்கிக்கொள்கிறீர்கள். விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் யாருடைய கப்பலையும் கவிழ்க்க அப்படிச் செய்யவில்லைதான். ஆனால் அந்தக் குடைக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்துப் பேர் சும்மா விளையாடட்டும், அதில் ஒருவன் புதுச் சட்டை, புதுத் துப்பாக்கி வாங்கினால் போதும் என்ற கணக்கு.

மீதி ஏன் மிஞ்சுகிறது?

ஒரு சட்டையின் விலை 110 வைரம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வைரம் நூறு நூறாகத்தான் விற்கிறது. நூறு வைரத்துக்கு 80 ரூபாய் என்றால், இரண்டு கட்டு வாங்க வேண்டும். 160 ரூபாய் போச்சு. சட்டை வாங்கியது போக 90 வைரம் மிச்சம். அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க முடியாது. அடுத்த சட்டையும் 110 வைரம்தான். '20 தானே குறைகிறது' என்று மனசு சொல்லும். இன்னும் 80 ரூபாய்!

கணக்கை நான் இட்டுக்கட்டினேன். ஆனால் கட்டாக விற்பதும், மீதி மிஞ்சுவதும் பல விளையாட்டுகளில் இருக்கிற வழக்கம்தான். '88 ரூபாய்' என்று எழுதாமல் '110 வைரம்' என்று எழுதினால், அது பணம் என்பதே மறந்துவிடும். பெரியவர்களுக்கும் மறக்கும்.

'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், சிறுவர்கள் உட்படப் பலரைத் தெரியாமல் பொருள் வாங்க வைத்தது என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் முடிந்த சமரசத்தில், அப்படிப் பணம் இழந்தவர்களுக்காக மட்டும் 24.5 கோடி டாலர் கொடுக்க எபிக் ஒப்புக்கொண்டது. பொத்தானைத் தவறி அழுத்திப் போன பணமும் அதில் உண்டு!

யாருடைய நாணயம்?

உண்டியலில் இருக்கும் ஒரு ரூபாயைத் திருப்பிப் பாருங்கள். 'இந்தியா' என்று இருக்கிறதா? மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் ஒன்றில் அச்சானது. சில வருடங்களுக்கு முன்பு, பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று வதந்தி கிளம்பி, நம் மாநிலத்தில் பல கடைகளில் வாங்க மறுத்தார்களே! 2016லும் 2018லும் ரிசர்வ் வங்கியே, "எல்லா வடிவமும் செல்லும்" என்று அறிக்கை விட்டது. ஒரே நேரத்தில் ஆயிரம் ரூபாய் வரைக்கும் காசாகவே கொடுக்கலாம் என்று 2011ம் ஆண்டு நாணயச் சட்டம் சொல்கிறது. அரசு ஒரு காசை நிறுத்தினாலும் முன்கூட்டியே சொல்லும். 25 காசு 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனது. அதற்கு முன்பு வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்தார்கள்.

விளையாட்டு நாணயத்துக்கு அந்த அரசு முத்திரை கிடையாது. 2020 செப்டம்பர் 2ல் 'பப்ஜி மொபைல்' உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அக்டோபர் 30ல் இந்தியாவில் பப்ஜி நின்றே போனது. 2022 பிப்ரவரியில் 'ஃப்ரீ ஃபயர்' முறை. வாங்கி வைத்த சட்டை, துப்பாக்கி எல்லாம் அவர்கள் கணினியில்தான் இருந்தன. நம் பையில் இல்லை. பப்ஜி ஆடியவர்களுக்குப் பிறகு வந்த பி.ஜி.எம்.ஐ.க்குப் பழைய பொருட்களைக் கொண்டுபோகச் சில காலம் வழி விட்டார்கள். எல்லா விளையாட்டிலும் அப்படி விடுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

அம்மாவின் போன்

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு சட்டை வாங்கத்தான் தோன்றுகிறதா? சரி, வாங்குங்கள், ஆனால் அம்மா அல்லது அப்பாவிடம் சொல்லிவிட்டு. உண்டியல் காசை அவர்களிடம் கொடுத்து, அந்தத் தொகைக்கு மட்டும் 'கூகுள் பிளே' ரீசார்ஜ் எண் வாங்கித் தரச் சொல்லுங்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். அம்மாவின் வங்கிக் கணக்கை விளையாட்டோடு சேர்த்துவிட்டால் அடியில்லாத உண்டியல் ஆகிவிடும். யூ.பி.ஐ. லைட்டில் சின்னத் தொகைக்கு ரகசிய எண் கூடக் கேட்காது என்பது தெரியுமல்லவா?

"இலவச வைரம், இந்த லிங்கைத் தொடு" என்று யாராவது அனுப்பினால் தொடவே வேண்டாம். தொட்டுப் பணம் போய்விட்டால் பயந்து மறைக்காமல் உடனே வீட்டில் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை உண்டியலை உடைத்தால், பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுங்கள், தப்பு வராது. நடுவில் பழைய 25 காசு ஏதாவது வந்தால் அதைக் கடைக்குக் கொண்டுபோகாமல் தனியே எடுத்து வையுங்கள். காண்டாமிருகம் போட்ட 25 காசாக இருந்தால் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டலாம்!